ஒரே எழுத்து, ஒரே சைஸ்: டவ்ஸ் ப்ரெஸ் கதைய பக்கத்துலேர்ந்து படிக்கிறது எப்படி

டவ்ஸ் ப்ரெஸ்ங்கிறது 1900ல லண்டன் ஹாமர்ஸ்மித்ல ரெண்டு கூட்டாளிங்க சேந்து ஆரம்பிச்ச சின்ன அச்சகம். அதப் பத்தி பேச ஆரம்பிச்சா எல்லாரும் நேரா ஆத்துக்குத்தான் போறாங்க. 75 வயசு பெரியவர் ஒருத்தர் இருட்டுனதும் ஹாமர்ஸ்மித் பாலத்துக்கு நடந்து போயி, பையில கொண்டுவந்த ஈய எழுத்த தேம்ஸ்ல கொட்டிட்டு கொட்டிட்டு வந்தாரு, எல்லாம் பழைய கூட்டாளி கையில அது போயிடக் கூடாதுன்னு. நடந்தது உண்மை, நானும் அங்கதான் போய் நிக்கப் போறேன், ஆனா அங்கேர்ந்து ஆரம்பிச்சா அப்படி ஆத்துல போடுற அளவுக்கு அந்த எழுத்துல என்ன இருந்துச்சுங்கிறது கண்ணுக்குப் படாமலே போயிடும். அதனால நான் சொல்ற வழி இதுதான், மொதல்ல பக்கம், அப்புறம் எழுத்து, அப்புறம் ஆளுங்க, கடைசியாத்தான் ஆறு. இந்த ஒரு ப்ரெஸ்ஸ இப்படி படிச்சுப் பழகிட்டீங்கன்னா வேற எந்த சின்ன அச்சகத்தையும் இதே மாதிரி படிச்சிடலாம்.

ஏன் டவ்ஸ் ப்ரெஸ்ஸ வச்சு பழகச் சொல்றேன்னா, கவனம் சிதற அதுல ஒண்ணுமே இல்ல. அதுக்கு முன்னாடி அதே ஹாமர்ஸ்மித்ல வில்லியம் மாரிஸ் 1891ல ஆரம்பிச்ச கெல்ம்ஸ்காட் ப்ரெஸ்ஸ எடுத்துக்கிட்டா மூணு வகை எழுத்து, கொடியும் இலையுமா பக்கத்த சுத்தி பார்டர், 1896ல வந்த சாசர்ங்கிற பழைய ஆங்கிலக் கவிஞரோட புத்தகத்துல மட்டும் 87 மரச்செதுக்குப் படம். அழகுதான், ஆனா புதுசா பாக்கிறவங்களுக்கு எழுத்துலேர்ந்து கண்ணு நழுவி பார்டருக்குப் போயிடும். டவ்ஸ்ல படம் கிடையாது, பார்டர் கிடையாது, இட்டாலிக் கூட கிடையாது. ஒரே எழுத்து, அதுவும் 16 பாயின்ட் ஒரே சைஸ்தான். 1900லேர்ந்து 1916 வரைக்கும் அத வச்சே எல்லாத்தையும் அடிச்சாங்க. அப்ப ஒரு பக்கம் நல்லா இருக்குன்னா அதுக்கு காரணம் எழுத்து, இடைவெளி, மார்ஜின், பேப்பர், மை, அழுத்தம் இந்த ஆறுக்குள்ளதான் இருக்கணும், வேற எங்கயும் தேட வேண்டாம்.

சாமான் பெருசா ஒண்ணும் வேணாம். பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டுற லூப் ஒண்ணு, நகைக்கடைக்காரங்க கண்ணுல வச்சுப் பாப்பாங்களே அது. மில்லிமீட்டர் தெளிவா இருக்கிற ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணு. ஒரு நோட்டு. டவ்ஸ் பைபிளோட மொத பக்கம், நல்லா பெருசாக்கிப் பாக்கிற மாதிரி ஒரு ஸ்கேன். இது கூட வீட்டுல இருக்கிற பழைய தமிழ் புத்தகம் ஒண்ணு, ஆஃப்செட் வர்றதுக்கு முன்னாடி ஈய எழுத்து கோர்த்து ட்ரெடில் மெஷின்லயோ சிலிண்டர் மெஷின்லயோ அடிச்சது. ஸ்கேன்ல தெரியாத சில விஷயம் இருக்கு, அத கையில இருக்கிற பழைய புத்தகத்துல பாத்துப் பழகினாத்தான் புரியும்.

சரி, புத்தகத்த திறந்ததும் மொத பக்கத்துக்குப் போகாதீங்க, கடைசி பக்கத்துக்குப் போங்க. அங்க கோலஃபோன்னு ஒரு சின்ன குறிப்பு இருக்கும், யார் அடிச்சாங்க, எங்க, எந்த வருஷம்னு. சின்ன அச்சகங்கள் இத பெருமையா போட்டுக்கும், வரலாறு படிக்கிறவங்களுக்கு இதவிட நம்பகமான சாட்சி வேற கிடையாது, ஏன்னா அது புத்தகத்தோடவே சேந்து அச்சானது, பிற்பாடு யாரும் ஞாபகத்துலேர்ந்து எழுதினது இல்ல. டவ்ஸ் புத்தகங்கள வருஷ வரிசையா வச்சு கோலஃபோன மட்டும் படிச்சுட்டு வாங்க. 1903லேர்ந்து 1905க்குள்ள அஞ்சு வால்யூமா வந்த பைபிள்ல ரெண்டு கூட்டாளிங்க பேரும் இருக்கும், காப்டன்-சாண்டர்சன், எமரி வாக்கர். 1909க்கு அப்புறம் வந்ததுல பாத்தா காப்டன்-சாண்டர்சன் பேர் மட்டும்தான் நிக்கும். வேற ஒரு எழுத்து மாறல, அதே ஈயம், அதே சைஸ், ஒரு பேர் மட்டும் காணாம போயிருக்கு. சண்டை நடந்ததுக்கு இதவிட என்ன ஆதாரம் வேணும், எந்த வாழ்க்கை வரலாறையும் படிக்காமலே நோட்டுல ஒரு கேள்வி எழுதிடலாம், வாக்கர் எங்க போனாரு?

அந்தக் கேள்விய அப்படியே வச்சுட்டு பைபிள் மொத பக்கத்துக்கு வாங்க. இங்க அவசரப்படாதீங்க, ஒரு பத்து நிமிஷமாவது ஒண்ணும் படிக்காம சும்மா பாத்துட்டு இருங்க. இடது ஓரத்துல செவப்புல ஒரு நெட்டுக்குத்தான கோடு மாதிரி, மேலேர்ந்து கீழ வரைக்கும் எழுத்துக் கட்டம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு நிக்குதே, அது கோடு இல்ல, இங்கிலீஷ் கேப்பிட்டல் ஐ. ஆதியாகமத்தோட மொத வார்த்தையோட மொத எழுத்து. வரைஞ்சவர் எட்வர்ட் ஜான்ஸ்டன், பிற்பாடு லண்டன் அண்டர்கிரவுண்டு ரயிலுக்கு எழுத்து வரைஞ்சு குடுத்த அதே ஆள். அதுல பூ இல்ல, கொடி இல்ல, வளைவு இல்ல. கறுப்பு எழுத்து ஒரு பெரிய கட்டமா நிக்க, அதுக்கு ஓரமா இந்த செவப்பு ஒத்தைக்காலு. பக்கத்துல இருக்கிற பெரிய அலங்காரம் இதுதான், ஆனா கண்ணு அங்கேர்ந்து நகராது.

செவப்ப பாக்கும்போது இன்னொண்ணு கவனிங்க. அந்த காலத்து கைப்ரெஸ்ல ரெண்டு கலர்னா அதே தாள் ரெண்டு தடவ ப்ரெஸ்ல ஏறி எறங்கணும், செவப்புக்கு ஒரு ஃபாரம், கறுப்புக்கு ஒரு ஃபாரம், ஃபாரம்னா கோர்த்து இறுக்கிப் பூட்டுன எழுத்துக் கட்டு. அரை மில்லி நகந்தாலும் செவப்பு போயி கறுப்பு மேல இடிக்கும், இல்லன்னா விலகி நிக்கும். அப்ப செவப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல இருக்கிற சந்த லூப்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துட்டே வாங்க, சந்து ஒரே அகலத்துல வந்தா ப்ரெஸ்ல நின்னவரோட கை எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சிடும். காயிதத்துல அடிச்சது 500 காப்பி, அதுக்கு மேல தோல்ல ரெண்டு, அத்தனைக்கும் இந்த வேலைய கையாலதான் பண்ணாங்க.

இப்ப எழுத்துக்கு வருவோம், இதான் மெயின் விஷயம். 1470கள்ல வெனிஸ்ல நிக்கோலா ஜென்சன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஒரு ரோமன் எழுத்து வெட்டுனாரு. நானூறு வருஷம் கழிச்சு, 1888 நவம்பர்ல, எமரி வாக்கர் லண்டன்ல ஒரு பேச்சு குடுத்தாரு, பழைய அச்சுப் பக்கங்கள போட்டோ எடுத்து லான்டர்ன் ஸ்லைடா சுவத்துல பெருசாக்கிக் காட்டுனாரு. கூட்டத்துல மாரிஸ் இருந்தாரு. பொடி எழுத்து சுவத்துல அவ்வளவு பெருசா நின்னதும் அவருக்கு சொந்தமா எழுத்து வெட்டணும்னு வெறியே வந்துருச்சு, கெல்ம்ஸ்காட் பொறந்தது அப்படித்தான். மாரிஸோட கோல்டன் டைப்புக்கும் மூலம் ஜென்சன்தான், 1900ல வந்த டவ்ஸ் டைப்புக்கும் மூலம் ஜென்சன்தான், ரெண்டுக்கும் ஸ்டீல்ல பன்ச், அதாவது மூல எழுத்து, வெட்டுனவரும் ஒரே ஆள், எட்வர்ட் ப்ரின்ஸ். அப்பா ஒண்ணு, கொத்தனார் ஒண்ணு, ஆனா பிள்ளைங்க ரெண்டும் வேற வேற முகம், இத பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கிறதுதான் எழுத்து பாக்கப் பழகுறதுக்கு நான் பாத்த வரைக்கும் ரொம்ப நல்ல வழி.

செய்ய வேண்டியது இதுதான். கெல்ம்ஸ்காட் கோல்டன் டைப் பக்கம் ஒண்ணு, டவ்ஸ் பக்கம் ஒண்ணு, ரெண்டையும் ஸ்க்ரீன்ல ஒரே உயரத்துக்கு கொண்டு வாங்க. கண்ண பாதி மூடிக்கிட்டு பாருங்க. எழுத்து மறைஞ்சு போயி ரெண்டு சாம்பல் கட்டம் மட்டும் தெரியும், கோல்டன் கட்டம் கறுத்து கனமா இருக்கும், டவ்ஸ் கட்டம் வெளுப்பா காத்தோட்டமா இருக்கும். மாரிஸ் வேணும்னே கனமாக்குனாரு, அவரோட பார்டரும் படமும் கறுப்பு, எழுத்தும் அதுக்கு ஈடா நிக்கணும்ல. காப்டன்-சாண்டர்சனும் வாக்கரும் பார்டரையே தூக்கிட்டாங்க, அப்ப எழுத்துக்கு அந்த கனம் தேவையில்லாம போச்சு. அப்புறம் கண்ண நல்லா திறந்து டவ்ஸோட ஸ்மால் ஐ எழுத்துக்கு மேல இருக்கிற புள்ளிய பாருங்க, தண்டுக்கு நேர் மேல இருக்காது, ஒரு பக்கமா விலகி இருக்கும். முற்றுப்புள்ளி வட்டமா இல்லாம டைமண்டா இருக்கும், பேனா முனைய சாய்ச்சு வச்சு எடுத்த புள்ளி மாதிரி. கேப்பிட்டல் எல்லாம் வழக்கத்தவிட அகலம். இந்த மூணையும் ஒரு தடவ கண்டுபிடிச்சிட்டீங்கன்னா அப்புறம் எங்க பாத்தாலும் இது டவ்ஸ்னு சொல்லிடுவீங்க.

அளக்கிறது அடுத்த வேலை. ஐநூறு வருஷம் பழைய புத்தகங்கள ஆராய்றவங்க ஒரு பழக்கம் வச்சிருக்காங்க, இருபது வரி எத்தன மில்லிமீட்டர்னு அளந்து அத வச்சு இது எந்த அச்சகத்து எழுத்துன்னு தேடுவாங்க. ஒத்த வரிய அளந்தா தப்பு பெருசா வரும், இருபதுன்னா சின்னதாயிடும். ஒரு வரியோட அடியிலேர்ந்து இருபது வரி தள்ளி இருக்கிற வரியோட அடி வரைக்கும் ஸ்கேல வைங்க. 16 பாயின்ட் எழுத்த நடுவுல ஈயத்தகடு வைக்காம அப்படியே அடுக்குனா கணக்குப்படி இருபது வரிக்கு 112 மில்லிக்கு கொஞ்சம் மேல வரணும். உங்க அளவு ஒண்ணு ரெண்டு மில்லி கம்மியா வந்தா பதறாதீங்க, கையால செஞ்ச தாள ஈரப்படுத்தித்தான் அடிப்பாங்க, காஞ்சதும் அது கொஞ்சம் சுருங்கும். ஆனா நிறைய கூட வந்தா வரிக்கு நடுவுல தகடு போட்டிருக்காங்கன்னு அர்த்தம். ஸ்கேன வச்சு அளக்கிறவங்க அதுல ஸ்கேல் இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லாத ஸ்கேன்ல மில்லிமீட்டர் அளக்கிறது வீண்.

வார்த்தைக்கு நடுவுல இருக்கிற இடத்தையும் பாருங்க. மாரிஸ் இதுல ரொம்ப கண்டிப்பு, ஒரு வார்த்தையும் அடுத்த வார்த்தையும் தனித்தனின்னு தெரிஞ்சா போதும், அதுக்கு மேல வெள்ளை விடாதன்னு நெனச்சவர். டவ்ஸும் அதே வழிதான். பக்கத்த தலைகீழா திருப்பிப் பாருங்க, படிக்க முடியாததால கண்ணு வெள்ளைய மட்டும் பாக்கும், மோசமான கோர்ப்புன்னா வெள்ளை ஒரு வரியிலேர்ந்து அடுத்த வரிக்கு ஓட மாதிரி எறங்கி வரும். டவ்ஸ் பக்கத்துல அந்த ஓடைய தேடித்தான் பாருங்களேன். இதுக்கு முழு மார்க் எழுத்து கோர்த்த கம்பாசிட்டருக்குத்தான் போகணும், ஜே. எச். மேசன்னு பேரு, பிற்பாடு லண்டன் சென்ட்ரல் ஸ்கூல்ல அச்சுக்கலை சொல்லிக் குடுத்தவர். சின்ன அச்சகத்து வரலாறுல முதலாளி பேர் பெருசா நிக்கும், எழுத்து கோர்க்கிற ஸ்டிக்க கையில புடிச்சு நின்னவர் பேர் ஓரத்துல கூட வராது. கேஸ் முன்னாடி, அதாவது எழுத்து போட்டு வைக்கிற தட்டு முன்னாடி, நாள் பூரா நின்னு கோர்த்தவங்கள பாத்து வளந்த எனக்கு இது மனசுல உறுத்தும். அதனால நோட்டுல ஆளுங்க லிஸ்ட் போடும்போது கோர்த்தவர், அடிச்சவர், பன்ச் வெட்டுனவர், தாள் செஞ்சவர் எல்லாருக்கும் ஒரு வரி ஒதுக்குங்க.

மார்ஜினுக்கு ஒரு கணக்கு இருக்கு. மாரிஸும் வாக்கரும் ஒத்தப் பக்கத்த ஒரு அலகா எடுத்துக்க மாட்டாங்க, புத்தகத்த விரிச்சா தெரியுற ரெண்டு பக்கமும் சேந்துதான் ஒண்ணு. தையல் பக்கம் எல்லாத்தவிட குறுகல், மேல அதவிட கொஞ்சம் கூட, வெளி ஓரம் இன்னும் கூட, அடிதான் எல்லாத்தவிட பெருசு. பழைய கையெழுத்துப் புத்தகங்கள்ல ஒவ்வொண்ணுக்கும் 20 சதவீதம் கூட்டிட்டே போற கணக்கு இருந்துச்சுன்னு மாரிஸ் சொல்லியிருக்காரு. தையல் பக்கம் 20 மில்லின்னா மேல 24, வெளிய 29 கிட்ட, அடியில 35 கிட்ட. உங்க கையில இருக்கிற புத்தகத்த அளந்து இந்த நாலு எண்ணோட ஒப்பிட்டுப் பாருங்க. ஆனா மறு பைண்டிங் பண்ண புத்தகம்னா ஓரத்த வெட்டியிருப்பாங்க, அத அளந்து அச்சகத்துக்காரர குறை சொல்லக் கூடாது.

கையில அசல் ஈய அச்சு இருக்கிறவங்க இப்ப லூப்ப எடுங்க. எழுத்தோட ஓரத்துல மை கொஞ்சம் தடிச்சு ஒரு கரை கட்டுன மாதிரி இருக்கும், நடுவுல கொஞ்சம் வெளுத்திருக்கும், எழுத்து தாள்ல அழுந்தும்போது மை ஓரத்துக்குப் பிதுங்குறதால வர்ற கரை அது. தாள பின்னாடி திருப்பி விரலால தடவுனா லேசா மேடு தட்டுப்படும். ஆஃப்செட்ல இது ரெண்டும் வராது. இதே லூப்ல இன்னொரு விளையாட்டும் உண்டு, அடிபட்ட எழுத்து ஒண்ண தேடுங்க, ஒரு மூலை உடஞ்சது, ஒரு கீறல் விழுந்தது. அத மனசுல வச்சுக்கிட்டு பக்கத்த திருப்புங்க. கொஞ்ச பக்கம் தள்ளி அதே உடஞ்ச எழுத்து திரும்ப வரும். எங்க சித்தப்பா ப்ரெஸ்ல அடிச்ச ஒரு கோயில் மலர்ல வால் உடஞ்ச ஒரு ‘ழ’ 8ஆம் பக்கத்துல இருக்கும், 16ல திரும்ப வரும், 24ல மறுபடி வரும். எட்டுப் பக்கம் கோர்த்து, அடிச்சு, பிரிச்சு கேஸ்ல போட்டு, அதே எழுத்த அடுத்த எட்டுக்கு எடுத்திருக்காங்க, அவ்வளவு எழுத்துதான் அவங்ககிட்ட இருந்துச்சு. ஒரு சின்ன ப்ரெஸ்ஸோட கையிருப்பு எவ்வளவுன்னு எந்த கணக்குப் புத்தகமும் இல்லாமலே ஒரு உடஞ்ச எழுத்து சொல்லிடும்.

தாள வெளிச்சத்துக்கு எதிரா புடிச்சுப் பாக்கவும் மறக்காதீங்க. கெல்ம்ஸ்காட்டுக்காக பேச்சலர்னு ஒரு தாள் தயாரிப்பாளர் கையால செஞ்சு குடுத்த தாள்ல பூ, மீன், ஆப்பிள்னு மூணு வாட்டர்மார்க் உண்டு, மூணும் மூணு சைஸ் தாள்.

இவ்வளவும் பாத்த பிறகு ஆளுங்களுக்கு வாங்க, இப்ப அவங்க பேசுறது புரியும். ஆத்துக்கு நடந்த அந்தப் பெரியவர்தான் காப்டன்-சாண்டர்சன், வக்கீல் தொழில விட்டுட்டு நாப்பது வயசு தாண்டி பைண்டிங் கத்துக்கிட்டவர், மாரிஸோட மனைவி ஜேன் சொல்லித்தான் அந்தப் பக்கம் போனாரு. 1893ல டவ்ஸ் பைண்டரி, பக்கத்துல இருந்த டவ்னு ஒரு பப்போட பேரு. 1900ல ப்ரெஸ். பணம் அவர் மனைவி ஆனி குடுத்தது, அச்செழுத்து பத்தின அறிவு வாக்கரோடது. பெர்சி டிஃபின் வாக்கர் ஆபீஸ்ல வரைஞ்சாரு, ப்ரின்ஸ் வெட்டுனாரு, எடின்பரோல மில்லர் அண்ட் ரிச்சர்டு வார்த்துக் குடுத்தாங்க. ஆக ஒருத்தருக்கு ப்ரெஸ் ஒரு கோயில் மாதிரி, நாள் முழுக்க அதுலயே கிடந்தாரு, இன்னொருத்தருக்கு வேற தொழிலும் இருந்துச்சு, வந்து வந்து போனாரு. கோலஃபோன்ல பேர் காணாம போனதுக்கு விடை இங்கதான் கிடைக்குது.

பிரிஞ்சப்ப எழுத்து யாருக்குன்னுதான் பிரச்சினை. ஆரம்பத்துலயே பேசி வச்சது, பிரிஞ்சா வாக்கருக்கும் ஒரு செட் எழுத்து உண்டுன்னு. 1909ல ரெண்டு பேருக்கும் நண்பரான சிட்னி காக்கரெல் நடுவுல நின்னு சமாதானம் பண்ணாரு, காப்டன்-சாண்டர்சன் உயிரோட இருக்கிற வரைக்கும் எழுத்து அவர்கிட்ட, அதுக்கப்புறம் வாக்கருக்கு. வாக்கர் பத்து வருஷத்துக்கு மேல சின்னவர், கணக்கு எங்க போய் முடியும்னு பெரியவருக்கு நல்லாவே தெரியும். தன் எழுத்து ஒரு நாள் மெஷின் ப்ரெஸ்ல ஏறிடும்ங்கிற நெனப்ப அவரால தாங்க முடியல.

இங்க ஒரு இடத்துல எல்லாரும் குழம்புறாங்க. ஆத்துல போனது ரெண்டு தவணையா. 1913 மார்ச்ல போனது பன்ச்சும் மேட்ரிக்ஸும். பன்ச்னா ஸ்டீல்ல வெட்டுன மூல எழுத்து, அத செம்புல அடிச்சு குழி எடுத்தா மேட்ரிக்ஸ், அந்தக் குழியில ஈயத்த ஊத்துனா எழுத்து. மேட்ரிக்ஸ் போச்சுன்னா தேய்ஞ்ச எழுத்துக்கு மாத்து வார்க்க முடியாது, கையில இருக்கிறதோட சரி. அப்படியும் அதுக்கப்புறம் மூணு வருஷம் இருக்கிற எழுத்த வச்சே அடிச்சிருக்காரு. 1916 ஆகஸ்ட் கடைசியிலேர்ந்து 1917 ஜனவரி வரைக்கும் போனதுதான் ஈய எழுத்து, ஒரு டன்னுக்கு மேல, 170 தடவைக்குப் பக்கமா பாலத்துக்கு நடந்திருக்காரு. 1922ல அவர் எறந்த பிறகு வாக்கர் கோர்ட்ல கேஸ் போட, ஆனி 700 பவுண்டு குடுத்து முடிச்சாங்க. எனக்கு வாக்கர் பக்கம்தான் நியாயம் தெரியுது, பேசுனது பேசுனதுதான், ஆனா அந்த மொத பக்கத்த பத்து நிமிஷம் பாத்தவங்களுக்கு பெரியவர் மேலயும் கோவம் முழுசா வராது.

கடைசியா கம்ப்யூட்டர் ஃபாண்ட் பத்தி, ஏன்னா நிறைய பேர் டவ்ஸ் டைப்ப அதுலதான் மொதல்ல பாக்கிறாங்க. ராபர்ட் கிரீன்னு ஒரு டிசைனர் அச்சான பக்கங்கள வச்சே வரைஞ்சு 2013ல ஒண்ணு வெளியிட்டாரு. 2014ல அவரே பாலத்தடிக்குப் போயி மொதல்ல மூணு எழுத்து கண்டெடுத்தாரு, அப்புறம் லண்டன் துறைமுகத்து டைவருங்கள எறக்கி மொத்தம் 150 எழுத்து கிடைச்சது, அத வச்சு ஃபாண்ட திருத்துனாரு. ஏன் திருத்தணும்னு இப்ப உங்களுக்கே தெரியும், லூப்ல பாத்தீங்களே அந்த பிதுங்குன மை, பக்கத்த மட்டும் பாத்து வரைஞ்சா மை எது உலோகம் எதுன்னு பிரிக்கிறது ரொம்ப கஷ்டம். ஆத்துலேர்ந்து வந்த ஈயத்துல மை இல்ல, வெட்டுன முகம் அப்படியே இருக்கு.

அதனால ஃபாண்ட் கிடைச்சா 16 பாயின்ட்ல ஒரு பத்தி ப்ரிண்ட் எடுங்க, பைபிள் பக்கத்தையும் அதே அளவுல ப்ரிண்ட் எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. மொதல்ல ஸ்மால் ஐ மேல இருக்கிற புள்ளி, அப்புறம் முற்றுப்புள்ளியோட நாலு மூலை, அப்புறம் தண்டோட தடிமன். லண்டன் பக்கம் போறவங்க 7 ஹாமர்ஸ்மித் டெரஸ்ல எமரி வாக்கர் வீடு இப்ப மியூசியமா இருக்கு, முன்கூட்டியே டிக்கெட் பத்தி விசாரிச்சுட்டுப் போங்க, லூப்ப பாக்கெட்ல போட்டுக்கோங்க. அங்கேர்ந்து ஆத்தங்கரையோரமா பாலத்துக்கு நடந்தே போயிடலாம், காப்டன்-சாண்டர்சன் நடந்த கரையும் அதுதான்.